கிரகணமும் குழந்தையின் முகமும்



முகத்தில் திராட்சைச் சாறு கொட்டியது போன்ற சிவப்பு மறுவோடு சில குழந்தைகள் பிறக்கின்றன. ஏறக்குறைய 1,000-த்திற்கு 3 குழந்தைகளுக்கு இப்படி நேருகிறது. உடனே, "கிரகணத்தன்று சொறிந்து கொண்டாள்" என்று பெற்றவள்மீது பழி போட்டுவிடுகிறார்கள். அதே கிரகணத்தில் புருஷன் திண்ணையில் உட்கார்ந்து சொறிந்து கொண்டிருந்ததை யாராவது கேட்டார்களா?

உண்மை என்னவென்றால், கரு வளரும்போது அதன் உயிரணு ஒன்றில் ஜிஎன்ஏக்யூ என்னும் ஜீன் தற்செயலாக மாறிவிடுகிறது. அதனால் தோலுக்கடியிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்துபோய் நிற்கின்றன. இது 2013-ல் கண்டறியப்பட்ட விஷயம். இது தொற்றுமல்ல, புற்றுமல்ல, பெற்றவள் குற்றமுமல்ல.

இதற்கு லேசர் சிகிச்சை உண்டு. அதன் மஞ்சள் ஒளியை இரத்தத்தின் சிவப்பு உறிஞ்சிக் கொள்ளுகிறது. அந்தச் சூட்டில் விரிந்த குழாய் மூடிக்கொள்ளுகிறது. மேல்தோல் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. 1983-ல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இருவர் வெளியிட்ட தத்துவம் இது. பல தடவை செய்யவேண்டும். அப்படியும் முழுதும் மறைவது சிலருக்குத்தான். இதை நாம் மறைத்தால் மந்திரவாதிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? வயது ஏற ஏற மறு தடித்துக் கறுக்குமாதலால் கைக்குழந்தையிலேயே தொடங்குவது மேல்.

இன்னொன்று. மறு நெற்றியிலோ மேலிமையிலோ இருந்தால் சில குழந்தைகளுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை கெடும், வலிப்பும் வரலாம். நாமோ வேப்பிலை அடித்துக்கொண்டு மாதங்களைக் கழிக்கிறோம். அப்படிப்பட்ட குழந்தையைப் பிறந்த சில நாட்களுக்குள்ளாகவே கண் டாக்டரிடமும் குழந்தை டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.