விடுதலைக்குக் கேட்கப்பட்ட விலை

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



'இடதுசாரிக் கோட்பாடும் இன்றைய உலகமும்' என்னும் தலைப்பை எனக்கு அளித்திருக்கிறார்கள். அழைப்பிதழில் அதைப் படித்த இளைஞர் ஒருவர் என்னை வாயிலிலேயே நிறுத்தி, "ஐயா, நம் ஊரில் இடுகாட்டுக்குச் செல்லப் பாதை இல்லை. நாம் எதற்கு உலகத்தைப் பற்றிப் பேச வேண்டும்?" என்று வினவினார். நேர்மையான வினா. விடை கூறாமலே மேடையேறிவிட்டேன். இப்பொழுது கூற முயல்கிறேன்.

ஏகாதிபத்தியம், நிதி மூலதனம், நவகாலனியம் என்று சொற்களை அடுக்கிக்கொண்டே போகலாம். கைதட்டல் கிடைக்கும், மனத்தில் ஒன்றும் தங்காது. ஆகையால் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன். கரிபியன் கடலில் உள்ள ஹைத்தி. அது பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் அடிமை நாடு. கரும்பும் காப்பியும் விளைந்த அத்தீவுப் பகுதியில், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களும் அவர்தம் மக்களுமாக ஏறத்தாழ 5 லட்சம் அடிமைகள் உழைத்தனர். 1789இல் வெர்சாய் நகரத்தில் மனிதர் அனைவரும் சமம் என்று சாசனம் எழுதினார்கள் அல்லவா? அந்தச் சமத்துவம் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்து சேரவில்லை. 1791 ஆகஸ்டில் அடிமைகளே கிளர்ந்தெழுந்தனர். அந்தக் கிளர்ச்சி தந்த நெருக்கடியினால்தான் 1794இல் பிரெஞ்சுப் பேரவை அடிமை முறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதை மீண்டும் நிலைநாட்ட முற்பட்டான்; படையை அனுப்பினான். அடிமையாகப் பிறந்து படைத்தலைவராக உயர்ந்த டூசான் லூவர்த்தூர் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டு, பிரான்சின் மலைக்கோட்டைச் சிறையொன்றில் 1803இல் மாண்டார். அவர் தொடங்கியதைத் தெசலீன் முடித்தார். 1804 ஜனவரி முதல் நாள் ஹைத்தி விடுதலை நாடாயிற்று. அடிமைகள் தாமே போரிட்டு வென்று ஓர் அரசையும் நிறுவியதற்கு வரலாற்றில் வேறு சான்று இல்லை.

நம் பாடநூல்களில் அமெரிக்கப் புரட்சி உண்டு, பிரெஞ்சுப் புரட்சி உண்டு. இந்தப் புரட்சியை நான் கல்லூரி முடித்துப் பல்லாண்டுகள் கழித்தே அறிந்தேன். அது தற்செயல் என்று நான் எண்ணவில்லை.

போரில் வென்றவர்களை 1825இல் வேறொரு படைக்கலத்தால் வீழ்த்தினார்கள். பிரெஞ்சு மன்னன் பத்தாம் சார்ல்சு 14 போர்க்கப்பல்களை, ஏறக்குறைய 500 பீரங்கிகளுடன், ஹைத்தியின் துறைமுகத்துக்கு அனுப்பினான். 'உங்கள் விடுதலையை ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் எங்கள் தோட்டக்காரர்கள் நிலத்தையும் அடிமைகளையும் இழந்திருக்கிறார்கள். அந்த இழப்புக்கு 15 கோடி பிராங்க் கொடுங்கள்' என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். விலங்கை உடைத்தவனிடம் விலங்கின் விலையையும், விலங்கு பூட்டப்பட்ட உடம்பின் விலையையும் சேர்த்துக் கேட்டார்கள்! 1803இல் லூசியானா என்னும் மாபெரும் நிலப்பரப்பையே அமெரிக்காவுக்குப் பிரான்சு விற்றது 8 கோடி பிராங்குக்குத்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஐந்து ஆண்டுத் தவணை. முதல் தவணை 3 கோடி. கருவூலத்தில் அவ்வளவு பணம் ஏது? பாரிசு வங்கியாளர்களிடமே கடன் வாங்கச் செய்தார்கள். 3 கோடிக்குப் பத்திரம் எழுதிக்கொண்டு, 60 லட்சத்தைப் பிடித்துக்கொண்டு, 2 கோடியே 40 லட்சத்தைக் கொடுத்தார்கள். 1838இல் எஞ்சிய இழப்பீட்டை 6 கோடியாகக் குறைத்தனர். அந்தத் தொகை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் தீர்ந்தது. ஆனால் அதிலிருந்து கிளைத்த கடன்மேல் கடன் என்னும் சங்கிலி 1947 வரை நீண்டது.

முதியோர் சிலர் தலையசைப்பதைக் காண்கிறேன். முன்பணம் பிடித்துக்கொண்டு கடன் கொடுக்கும் வித்தை நமக்குப் புதிதன்று. என் பாட்டனார் பண்ணையாளாக இருந்தவர். திருமணத்துக்கென்று வாங்கிய நெல்லும் சிறு தொகையும் கணக்கில் ஏறி, அவர் மறைந்தபின் என் தந்தையார் தலையில் இறங்கின. படிப்பறியாத என் தந்தையார் அந்தக் கணக்கை ஒருநாளும் படித்ததில்லை. மனிதனுக்குச் செய்த அதையே நாட்டுக்கும் செய்ய முடியும் என்பதை விளங்கவைப்பதுதான் நான் இடதுசாரிக் கோட்பாட்டிலிருந்து பெற்ற முதற்பயன்.

மார்க்சு தம் 'மூலதனம்' நூலின் முதல் தொகுதியில், முதலாளியத்தின் தொடக்ககாலத் திரட்டலுக்குப் பொதுக்கடன் வலிய நெம்புகோலாயிற்று என்று விளக்கினார். லெனின் 1916இல் சூரிச் நகரில் இருந்துகொண்டு ஏகாதிபத்தியத்தை ஆராய்ந்தபோது, பண்டங்களை ஏற்றுமதி செய்வதைவிட மூலதனத்தை ஏற்றுமதி செய்வதே புதிய கட்டத்தின் இயல்பு என்று காட்டினார். அவர் அதை எழுதுவதற்கு ஈராண்டுகளுக்கு முன்பு, 1914 டிசம்பரில், அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹைத்தியின் வங்கியில் இருந்த 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தைப் பட்டப்பகலில் எடுத்து நியூயார்க்குக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டு படையே வந்தது. 1934 வரை இருந்தது. கானாவின் நிக்ரூமா 1965இல் நவகாலனியம் பற்றி நூல் எழுதினார். மறு ஆண்டே பதவியிழந்தார். பர்கினா பாசோவின் தாமஸ் சங்காரா 1987 ஜூலையில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் நடுவே, கடனைத் திருப்பித் தர ஒன்றுபட்டு மறுப்போம் என்றார், அக்டோபரில் கொல்லப்பட்டார்.

இதுவரை கோட்பாடு நமக்குக் கண். இனி, அது காணத் தவறியதைச் சொல்ல வேண்டும்.

ஹைத்தியின் கடனை அடைத்தது யார்? 'ஹைத்தி நாடு' என்பது போதுமான விடையாகாது. காப்பி ஏற்றுமதிமீது விதித்த வரியே பெரும்பகுதியை அடைத்தது. அந்தக் காப்பியை விளைவித்தவர்கள் மலைச்சரிவுகளில் சிறு நிலம் வைத்திருந்த முன்னாள் அடிமைகள். குடியரசுத் தலைவர் புவாயே 1826இல் ஊரகச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து உழவனை நிலத்தோடு கட்டிப்போட முனைந்தார். சட்டம் இயற்றியவர்கள் துறைமுக நகரத்தில் வாழ்ந்த நிலக்கிழார்களும் படை அதிகாரிகளும். அவர்களுள் பலர் கலப்பினத்தார். அந்நியன் சென்ற இடத்தில் உள்ளூர் மேலோர் அமர்ந்தனர். ஏகாதிபத்தியம் ஒரு பக்கம், ஒடுக்கப்பட்ட தேசம் மறுபக்கம் என்று கோடு கிழித்துவிட்டால், தேசத்துக்குள் இருக்கும் இந்தக் கோடு கண்ணுக்குப் படுவதில்லை.

அதைக் கண்டவர் அம்பேத்கர். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரையே பிரித்து அடுக்குவது என்று 1936லேயே எழுதினார். 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் சமத்துவமும் சமுதாயத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வுமாக நாம் முரண்பாட்டு வாழ்க்கையில் நுழையப்போகிறோம் என்று எச்சரித்தார். அடித்தளம் மாறினால் மேற்கட்டுமானமாகிய சாதி தானே உதிரும் என்று நம் தோழர்களில் பலர் நெடுங்காலம் கூறிவந்தனர். அது பிழை, அப்பிழையின் விலையைச் சேரியில் இருந்தவர்களே கொடுத்தனர். 1956இல் ஹங்கேரியிலும் 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவிலும் சோவியத் பீரங்கி வண்டிகள் புகுந்தபோது அதற்கும் நியாயம் தேடியவர்கள் உண்டு. அதனால் மார்க்சையே வேண்டாம் என்று தள்ளுவோர் கட்சியில் நான் இல்லை. அம்பேத்கரே தம் இறுதி ஆண்டில் புத்தரையும் மார்க்சையும் ஒருங்கே வைத்து எடைபோட்டார். சுரண்டலை ஒழிக்கும் நோக்கத்தை ஏற்று, வன்முறையையும் சர்வாதிகாரத்தையும் மறுத்தார்.

அண்மைக்காலத்துக்கு வருகிறேன். 2022 ஏப்ரல் 12ஆம் நாள், இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. கடன் கொடுத்தவர்கள் பழைய வல்லரசுகள் மட்டும் அல்லர். சீனா இருந்தது, ஜப்பானும் இந்தியாவும் இருந்தன, பத்திரம் வாங்கிய தனியார் நிதி நிறுவனங்களும் இருந்தன. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டாலர் உதவிக்கு ஒப்புதல் அளித்தது. 2022 தொடக்கத்தில் 8 விழுக்காடாக இருந்த மதிப்புக்கூட்டு வரி 2024 ஜனவரியில் 18 விழுக்காடாயிற்று. 2023இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது, வங்கிகள் வைத்திருந்த கடன்பத்திரங்களைத் தொடாமல், ஊழியர் சேமலாப நிதியின் பத்திரங்களில் கைவைத்தார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் முதுமைக்கான சேமிப்பும் அந்த நிதியில்தான் இருக்கிறது.

அத்தொழிலாளர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சத்துக்கும் பண்ணைக்கும் தப்பி இம்மண்ணிலிருந்து கடல்கடந்த நம் முன்னோரின் வழித்தோன்றல்கள் அவர்களில் மிகப் பலர். அவர்களுடைய கடனை ஒரு 'துண்டு'த் தாளில் எழுதி, அத்தொகையைக் கொடுப்பவர்க்கு ஆளை மாற்றிவிடும் வழக்கம் அங்கே 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நூறாண்டு கழித்து, அவர்கள் வாங்காத கடனுக்கு, அவர்கள் பங்கும் பிடிக்கப்படுகிறது.

வாயிலில் கேட்ட தம்பிக்கு என் விடை இதுதான்: உலகச் செய்தி என்று நாளேட்டில் வருவதைப் படிக்கும்போது, எந்த நாடு வென்றது, எந்த நாடு தோற்றது என்று பார்ப்பதோடு நில்லாமல், கடைசியில் யார் தலையில் இறங்கியது என்று தேடிப் பாருங்கள். இடுகாட்டுப் பாதைக்கு மனு எழுதுங்கள்; நானும் கையொப்பமிடுகிறேன். பாதை போடப் பணம் இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பணம் எங்கே போயிற்று என்று கேட்கவும் பயின்றிருக்க வேண்டும்.

ஹைத்தியின் வழக்கு இன்னும் முடியவில்லை. 2003இல் அதன் தலைவர் அரிஸ்டீடு, பறித்த தொகையை 2,100 கோடி டாலருக்குமேல் கணக்கிட்டுத் திருப்பிக் கேட்டார். மறு ஆண்டு பதவியிலிருந்து அகற்றப்பட்டார். இருநூறு ஆண்டு நிறைந்த 2025 ஏப்ரலில், இதை ஆராய இரு நாட்டு வரலாற்றறிஞர் குழு அமைப்பதாகப் பிரான்சு அறிவித்தது. பணம் தருவதாகச் சொல்லவில்லை.

சி. எல். ஆர். ஜேம்ஸ் 1938இல் இப்புரட்சியைப் பற்றி எழுதிய 'கருப்பு ஜாக்கோபின்கள்' நூலின் ஆங்கிலப் படி ஒன்றை நம் சங்க நூலகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஆங்கிலம் பயின்ற இருவர் வாரம் ஓர் அத்தியாயமாகப் படித்து, ஞாயிறு மாலை மற்றவர்களுக்குத் தமிழில் சொல்ல முன்வந்தால், முதல் வாரம் நானும் வந்து உட்காருகிறேன். பெயர் கொடுக்க விரும்புவோர் செயலாளரிடம் கொடுக்கலாம்.