குளிரை நம்பி வாழும் மூஸ்



பூமி வெப்பமடைந்து வருவது பற்றி வகுப்பிலே பேசிக்கொண்டிருந்தபோது, மாணவன் ஒருவன் எழுந்து, "குளிர்நாட்டு விலங்குகளுக்கு அது நன்மைதானே, ஐயா?" என்று கேட்டான். நியாயமான ஐயமே. அதற்கு நான் அளித்த விடை, மூஸ் என்னும் விலங்கின் கதை.

மான் குடும்பத்தில் உருவத்தாற் பெரியது மூஸ். நம் காடுகளில் வாழும் மரையும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆயினும் மூஸின் அருகே நின்றால் மரையும் சிறிதாகவே தோன்றும். அலாஸ்காவில் நன்கு வளர்ந்த ஆண் மூஸ் தோளளவில் ஏறத்தாழ 2 மீற்றர் உயரமும், 600 கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையும் உடையது. விரித்த கைபோல் அகன்ற அதன் கொம்புகள் 1.8 மீற்றர் வரை பரந்திருக்கும். ஆண்டுதோறும் அவை உதிர்ந்து மீண்டும் முளைக்கும்.

கனடா, அலாஸ்கா, ஸ்கண்டிநேவியா, ருசியா முதலிய வடபுலங்களின் காடுகளும் சதுப்புகளும் ஏரிக்கரைகளுமே இதன் இருப்பிடம். ஐரோப்பியர் இதனை எல்க் என்பர். ஆழ்ந்த பனியிலும் நடக்க நெடிய கால்கள். குளிரைத் தடுக்க உட்டுளையுள்ள உரோமம். மாரியிலே மரக்கொம்பர்களைக் கடித்துத் தின்னும். கோடையிலே ஏரியில் இறங்கி, உப்புச்சத்து மிகுந்த நீர்த்தாவரங்களை மேயும். கூட்டமாக வாழாது, பெரும்பாலும் தனித்தே திரியும். தாய் மட்டும் கன்றை ஏறத்தாழ ஓராண்டு தன்னுடன் வைத்திருக்கும்.

குளிருக்கென அமைந்த இவ்வுடலை வருத்துவது வெப்பமே. கோடையில் 14 பாகை செல்சியசைத் தாண்டினாலே அது வெப்பத்தால் வருந்தத் தொடங்கிவிடும். நாம் போர்வை தேடும் நுவரெலியாக் குளிர்கூட அதற்கு வெயிற்காலமே!

ஆயினும் வெப்பத்தினும் கொடிய பகை ஒன்றுண்டு. அது சின்னஞ்சிறு உண்ணி. இலையுதிர் காலத்தில் உண்ணிக் குஞ்சுகள் செடிநுனிகளில் கூட்டமாகக் காத்திருந்து, கடந்து செல்லும் மூஸின்மேல் ஏறிக்கொள்ளும். மாரி முழுவதும் அதன் குருதியை உண்ணும். பனி முன்னதாகப் பெய்தால் காத்திருக்கும் குஞ்சுகள் பல மடியும். வசந்தத்தில் கொழுத்து விழும் பெண் உண்ணிகளும் பனிமேல் விழுந்தால் பல பிழையா. இங்ஙனம் பனியே மூஸின் காவலாக இருந்தது. இன்று மாரி குறுகுகிறது; காவல் தளர்கிறது. ஒரே மூஸின் உடலில் பல்லாயிரம் உண்ணிகள் காணப்படுகின்றன. தினவு தாங்காது மரத்தில் உராய்ந்து உரோமம் இழந்து வெளிறியவற்றை மக்கள் 'பேய் மூஸ்' என்கின்றனர். அமெரிக்காவின் நியூஹாம்ஷியர், மெயின் மாநிலங்களில் 2014 முதல் 2016 வரை ஆய்வாளர் கழுத்துப்பட்டி அணிவித்துக் கண்காணித்த கன்றுகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 70 இறந்தன.

மூஸ்கள் நெருங்கி வாழுமிடத்தில் உண்ணியும் பெருகும். ஆகவே 2021 இல் மெயின் மாநிலம், ஒரு பகுதியில் பெண் மூஸ்களைக் கூடுதலாக வேட்டையாட அனுமதித்துச் சோதனையொன்றைத் தொடங்கியது. தொகையைக் குறைத்தால் எஞ்சியவை நலமாக வாழுமோ என்பதே அதன் வினா. இனத்தைக் காக்க அவ்வினத்தையே வேட்டையாட வேண்டிய நிலை எத்துணைத் துயரமானது!

"ஓநாயையும் கரடியையும் உதைத்து விரட்டவல்ல விலங்கு, கடுகளவு உயிருக்குத் தோற்கிறது. நமக்கு இதமாகத் தோன்றுவது பிறிதோர் உயிருக்கு இதமாக இருக்கவேண்டுமென்பதில்லை" என்று அம்மாணவனிடம் சொன்னேன். அவன் மறுகேள்வி கேட்கவில்லை; நெடுநேரம் சிந்தித்திருந்தான்.