எடைக்குப் போட்ட அட்லஸ்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2011-ல் இந்தக் கல்லூரியில் சிவில் முடித்துப் போனவன் நான். "உன் தொழிலைப் பத்தி ஏதாவது பேசுப்பா" என்றார் செயலாளர் அண்ணன். கான்கிரீட்டைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் காப்பி குடிக்க எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே, பத்தாம் வகுப்போடு நான் தலைமுழுகிய ஒரு பாடத்தைப் பற்றிப் பேசுகிறேன். அது புவியியல்.

எங்கள் பள்ளியில் புவியியல் பீரியட் வந்தால் கணக்கு வாத்தியாருக்குக் கொண்டாட்டம். "சார், போர்ஷன் முடியல" என்று கடன் வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததாக எனக்கு நினைவில்லை. மிஞ்சிய வகுப்புகளில் எங்கள் சமூக அறிவியல் ஆசிரியர் போராடுவார். ஒருநாள் பாதி உருளைக்கிழங்கை ஒரு தட்டில் கவிழ்த்து வைத்தார். விரற்கடை விரற்கடையாகத் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் தொட்ட இடத்திலெல்லாம் பேனாவால் கோடு போட்டார். மேலிருந்து பார்க்கச் சொன்னார். சமஉயரக் கோடு என்றால் என்னவென்று அன்றுதான் புரிந்தது.

பிறகு இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடம் ஒன்றை விரித்தார். அதில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். "நீலக் கோடுன்னா வருஷம் பூரா தண்ணி. கறுப்புக் கோடுன்னா மத்த நாள் காஞ்சு கிடக்கும், மழை வந்தா ஓடும்டா" என்றார். "பரீட்சைக்கு வருமா சார்?" என்று கேட்டேன். வராது என்றார். அத்தோடு மறந்துவிட்டேன்.

பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப். அதில் புவியியல் கிடையாது. அட்லஸை எடைக்குப் போட்டேன்.

2015-ஆம் ஆண்டு மே மாதம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு சாலைப் பணி. ஓரிடத்தில் சிறுபாலம் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று பார்த்துவரச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். பொட்டல் வெளி, நாலு கருவேல மரம். 'இங்கே எதற்குப் பாலம்?' என்று நினைத்து, இரண்டு குழாய் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். மேலே இருந்தவர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

நவம்பரில் மழை பிடித்தது. நான் போட்ட சாலை அணைக்கட்டாக நின்றது. மேட்டுப் பக்கத்துத் தெரு முழுக்க முழங்கால் அளவு தண்ணீர். உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் நனைந்த அரிசி மூட்டையைத் திண்ணையில் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு பாட்டி கேட்டார்: "மூணு தலைமுறையா இங்கதாம்பா தண்ணி வரும். உனக்கு யாரும் சொல்லித் தரலியா?"

சொல்லித் தந்திருந்தார்கள், நண்பர்களே. ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லித் தந்திருந்தார்கள்.

அன்றிரவு அந்தப் பகுதி வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். என் இரண்டு குழாய் இருந்த இடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஓடியது. சமஉயரக் கோடுகள் அம்பு முனைபோல் மேட்டைப் பார்த்து வளைந்திருந்தன. அப்படி வளைந்தால் அது தண்ணீர் ஓடும் பள்ளம். நம் மாநிலத்தில் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் கொட்டிவிடும் என்பதும் பள்ளிப் பாடம்தான். நானோ மே மாதம் போய் ஓடையைத் தேடியிருக்கிறேன்!

அந்த டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்ததை நீங்கள் அறிவீர்கள். "அந்த வருஷ மழை அப்படி" என்று நானும் தப்பித்திருக்கலாம். மனம் ஒப்பவில்லை. தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். மறு வருடம் அங்கே பெரிய சிறுபாலம் கட்டினோம்.

மாணவத் தம்பிகளே, "அதான் போன்ல மேப் இருக்கே" என்பீர்கள். போன் உங்களுக்கு வழி காட்டும். தண்ணீர் எந்த வழியில் வரும் என்பதை நீங்கள்தான் படிக்க வேண்டும். நாம் செமஸ்டரில் படித்த சர்வேயும் அந்தப் பாடத்தின் உடன்பிறப்புதான். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் நம் பரங்கிமலைப் பக்கத்தில் சங்கிலி பிடித்து, சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் பெரும் முக்கோண அளவீடு அங்கிருந்துதான் வளர்ந்தது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நாம் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருநாள் நம் ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போவோம். அந்த ஊர் வரைபடத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஏரிக்கும் கலங்கலுக்கும் வரத்துக் கால்வாய்க்கும் நடத்திக் கூட்டிப் போவோம். உருளைக்கிழங்குச் செலவு என்னுடையது.

எனக்கு அந்த வரைபடத்தை விரித்துக் காட்டிய ஆசிரியரிடம் நடந்ததையெல்லாம் பிறகு போய்ச் சொன்னேன். "இப்பவாவது பரீட்சைக்கு வந்துச்சே" என்று சிரித்தார்.