பதினொன்று முதல் பதினாறு வரை

பணியின் பொருட்டும் பிழைப்பின் பொருட்டும் தமிழகத்தின் எல்லையைக் கடந்து வாழும் பெற்றோர் முன் ஒரு கேள்வியை வைக்கவே இன்று வந்துள்ளேன். பதினோரு வயதைத் தாண்டிய நம் மக்களுக்கு எத்தகைய கல்வி முழுமையான கல்வியாகும்? ‘உலகத் தரம்’ என்னும் சொல்லை இன்று பல பள்ளிகளின் வாயிலில் காண்கிறோம். அச்சொல்லின் உட்பொருள் யாது?

எனது ஊர் நகரி. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நகரி ஆந்திரத்திலேயே நின்றது. ஆதலின், எங்களுக்கு வீட்டில் தமிழ், வீதியில் தெலுங்கு. இரண்டையும் நாங்கள் சுமையாகக் கருதியதில்லை. பின்னர் மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியேற்றுத் தில்லிக்கு வந்தேன். என் மகளை ஆறாம் வகுப்பில் சேர்த்தபோது, ஆங்கிலம், இந்தி, பிரெஞ்சு என்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்தவன் நானே. ‘தமிழைத்தான் வீட்டில் பேசுகிறோமே’ என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு என் தந்தையார் தம் பேத்திக்கு ஒரு கடிதம் எழுதினார். தறியில் உழைத்துத் தழும்பேறிய கையால் எழுதிய கடிதம். பன்னிரண்டு வயது மகள் அதைப் பிரித்தாள். சிறிது நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டி, “தாத்தா என்ன எழுதியிருக்கார்னு படிச்சுச் சொல்லுங்கப்பா” என்றாள். பிறர் எழுதியதை மொழிபெயர்ப்பது என் தொழில். ஆயினும், என் தந்தைக்கும் என் மகளுக்கும் இடையே நான் மொழிபெயர்ப்பாளனாக நிற்க நேரும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

அதன் பின்னரே, உலகத் தரம் என்போர் உண்மையில் எதனைக் கற்பிக்கின்றனர் என்று ஆராயத் தலைப்பட்டேன். 1968-இல் ஜெனீவா நகரில் தோன்றிய சர்வதேச இளங்கலைப்பட்ட அமைப்பு, பதினொன்று முதல் பதினாறு வயது வரையுள்ள மாணவர்க்கென 1994-இல் ஒரு பாடத்திட்டத்தை வகுத்தது. அதில் எட்டுத் துறைகள் உள்ளன: மொழியும் இலக்கியமும், புதிதாய்க் கற்கும் மொழி, மனிதரும் சமூகமும், அறிவியல், கணிதம், கலைகள், உடற்பயிற்சியும் நலவாழ்வும், வடிவமைப்பு ஆகியன. ஒவ்வொரு துறைக்கும் ஆண்டொன்றுக்குக் குறைந்தது 50 மணி நேரம் ஒதுக்கவேண்டும் என்பது விதி. இறுதி ஆண்டில் மாணவர் ஒவ்வொருவரும் தாமே தேர்ந்த ஒரு பொருளை நெடுநாள் ஆராய்ந்து ஒரு செயல்திட்டத்தை முடிக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். புதிய மொழியைக் கற்பது ஒரு துறை. தான் நன்கறிந்த மொழியின் இலக்கியத்தில் தோய்வது வேறொரு துறை. முன்னது வந்தமையால் பின்னது தேவையில்லை என்று அத்திட்டம் கூறவில்லை. உலகத் தரத்தை நாடித் தமிழைக் கைவிட்ட நான், அத்தரத்தின் முதல் விதியையே மீறியிருந்தேன்.

இக்கருத்து ஜெனீவாவிலிருந்து நமக்கு இறக்குமதியாக வேண்டியதும் அன்று. எங்கள் பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில், அன்னி பெசன்ட் அம்மையார் நிறுவிய கல்லூரிக்குக் கவி தாகூர் 1919-இல் வந்து தங்கினார். வங்கத்தில் எழுந்த ‘ஜன கண மன’ பாடலை அவர் அங்கே ஆங்கிலத்தில் பெயர்த்தார். அயர்லாந்து தேசத்தவரான மார்கரெட் கசின்ஸ் அம்மையார் அதன் இசையைக் குறிப்பாக எழுதி வைக்கத் துணைநின்றார். வங்க மொழியும், ஆங்கிலமும், மேலை இசையும் ஒரு தெலுங்கு நாட்டு ஊரில் கைகோத்தன. எவரும் தம் மொழியை வாசலில் விட்டு வரவில்லை.

அதே மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவரது எண்ணத்தில் உருவான ரிஷி வேலிப் பள்ளி அவ்வூருக்கு அருகில்தான் உள்ளது. மாலையில் மாணவர்கள் மௌனமாக அமர்ந்து கதிரவன் மறைவதைக் காண்பது அங்கே கல்வியின் ஒரு பகுதி. சுற்றுவட்டாரச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக அதன் கிராமக் கல்வி மையம் தெலுங்கில் கற்றல் அட்டைகளை உருவாக்கியது. அம்முறை எல்லை தாண்டிச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் வந்து, ‘செயல்வழிக் கற்றல்’ எனத் தமிழில் பெயர் பெற்றது. தன் மண்ணில் வேர்கொண்ட கல்வியே பிற மண்ணுக்கும் பயன்பட்டது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்லுகிறது? 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தாய்மொழிவழிக் கல்விக்குரிய வசதி செய்து தருமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. எனினும் அது தொடக்கக் கல்வி நிலைக்கே உரியது. குழந்தைப் பருவம் கழிந்து, ‘நான் யார், எங்கிருந்து வந்தேன்’ என்று பிள்ளை கேட்கத் தொடங்கும் வயதில் அந்தப் பாதுகாப்பு நின்றுவிடுகிறது. நாமும் அதே வயதில்தான் தமிழை நிறுத்துகிறோம்.

என் செய்வது? சர்வதேசப் பள்ளிகளின் கட்டணம் நம்மிற் பெரும்பாலோர்க்கு எட்டாதது. ஆனால், 50 மணி நேரம் எட்டாததா? ஆண்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் 52. கிழமைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், உலகப் பாடத்திட்டம் கேட்கும் அளவு நிறைந்துவிடும். அந்த ஒரு மணியில் எழுத்துப்பயிற்சியோடு நின்றுவிடவேண்டாம். பிள்ளைக்கு ஆராய ஒரு பொருளைக் கொடுங்கள்.

என் மகள் தறியைத் தேர்ந்தாள். சென்ற கோடை விடுமுறையில் நகரிக்குச் சென்று, தாத்தாவின் பக்கத்தில் அமர்ந்து, நெசவுச் சொற்களை இரு மொழியிலும் குறித்து வந்தாள். தமிழில் தறி, தெலுங்கில் மக்கம். நமக்குப் பாவு, அவர்களுக்குப் படுகு. நமக்கு ஊடை, அவர்களுக்குப் பேக. நூலை எண்ணுகையில் கணிதமும், சாயத்தைக் கேட்கையில் அறிவியலும், கூலியைக் கேட்கையில் சமூகமும் தாமே வந்து சேர்ந்தன. அவளுக்குப் பிரெஞ்சும் குறையவில்லை, இந்தியும் குறையவில்லை.

இவ்வாண்டு தைப் பொங்கலுக்கு அவளே தாத்தாவுக்குக் கடிதம் எழுதினாள். ஒருபக்கக் கடிதத்தில் ஏழு பிழைகள் இருந்தன. நான் திருத்தவில்லை. பத்து நாளில் மறுமொழி வந்தது. அவள் அதைப் பிரித்து, உதடுகளை அசைத்து எழுத்துக் கூட்டி, இறுதிவரை தானே படித்தாள். படித்து முடித்து மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள். தாத்தா என்ன எழுதியிருந்தார் என்பதை இம்முறை நான்தான் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.