புத்தர் கோவிலுக்குப் போனோம், சமணரைக் கண்டோம்

(நாகமலை புதுக்கோட்டையில் நடந்த கூட்டத்தில் பேசியது)



சென்ற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆறு குடும்பத்தார் பெண்டு பிள்ளைகளுடன் கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குப் போய்வந்த சங்கதியைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம். "மலைக்குப் போய்வந்ததெல்லாம் ஒரு பிரசங்கமா?" என்று நீங்கள் கேட்கலாம். அங்கே நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். அதைப் பிள்ளைகள் முன்னிலையிலேயே ஒப்புக்கொள்ளவும் நேர்ந்தது. அந்தத் தப்பு நம் எல்லோருக்கும் பொதுவானது என்பதால்தான் இதைச் சபையில் சொல்லத் துணிந்தோம்.

நம் வீடுகளில் பெண்கள் ஒருநாள் குடும்பத்தோடு வெளியே போவதென்றால் பெரும்பாலும் அது கோவிலாகத்தான் இருக்கிறது. போனால் தேங்காய் பழம், அர்ச்சனைச் சீட்டு, உண்டியல் என்று மடியில் உள்ளது கரைகிறது. "காசும் கொடுக்காமல், கும்பிடும் போடாமல், பார்த்து நாலு விஷயம் தெரிந்துகொள்ளும்படி ஓரிடம் கிடையாதா?" என்று எங்கள் வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். "ஏன் இல்லை? நாலைந்து கிலோமீட்டரில் பழைய புத்தர் கோவில் இருக்கிறதே!" என்று சொன்னவர்கள் நாங்கள்தான். எங்களுக்கு யார் சொன்னார்கள்? எவரோ சொன்னார். அவருக்கு யார் சொன்னார்கள்? அதை நாங்கள் கேட்கவில்லை.

புளிச்சோறு கட்டிக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டோம். மலையடிவாரத்தில் தாமரைக் குளமும், பெரிய ஆலமரமும், அய்யனார் கோவிலும் இருக்கின்றன. முதலில் செட்டிப்புடவு என்ற குகைக்கு ஏறினோம். குகைக்கு வெளியே பாறையில் பெரிய உருவம் ஒன்று உட்கார்ந்த கோலத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி, "அதுதான் செட்டியாரு சாமி" என்றாள். நாங்கள் சிரித்தோம். "பார்த்தீர்களா, உலகத்துக்கே அறிவு சொன்ன புத்தரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள் நம் ஜனங்கள்!" என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொன்னோம்.

அப்போது ஒன்பதாவது வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, "புத்தர் காவி உடுத்தியிருப்பார், இவருக்கு உடையே இல்லையே? தலைக்குமேலே மூன்று குடை இருக்கிறதே? இது சமணத் தீர்த்தங்கரர் அல்லவா?" என்று கேட்டாள். எங்களுக்குப் பதில் வரவில்லை. வீடு திரும்பிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் பெண் சொன்னதே சரி. அது மகாவீரர்.

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். கிழவி செட்டியார் என்றாள். நாங்கள் புத்தர் என்றோம். இரண்டில் எது உயர்ந்தது? அவளாவது தன் பாட்டனிடம் கேட்டதை மேடை போடாமல் சொன்னாள். "எதையும் விசாரிக்காமல் நம்பாதே" என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிற நாங்கள் விசாரிக்காமலே நம்பினோம். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தோம். புத்தரும் மகாவீரரும் ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன்னே மகத தேசத்துப் பக்கத்தில் ஒரே காலத்தில் இருந்தவர்கள். இருவரும் வேதத்தைப் பிரமாணமாக ஒப்புக்கொள்ளாதவர்கள். அதனால் இருவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது நமக்குச் சௌகரியமாயிருக்கிறது. சௌகரியம் வேறு, உண்மை வேறு.

சரி, அந்த மலை என்னதான் சொல்லுகிறது? அருகே முத்துப்பட்டிப் பக்கத்தில் துறவிகள் படுத்த கற்படுக்கைகளும், 2,000 ஆண்டுகளுக்கு முந்திய தமிழ் பிராமி எழுத்துக்களும் இருக்கின்றன. செட்டிப்புடவுக் குகைக்குள்ளே தீர்த்தங்கரர்களோடு, சிங்கத்தின்மேல் ஏறி, யானைமேல் வருகிறவனோடு வில் பிடித்துச் சண்டை போடுகிற ஒரு பெண்ணின் உருவமும் உண்டு. பேச்சிப்பள்ளத்தில் ஒரு சுனையின் பக்கத்தில் எட்டு உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள். அதற்கு மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற கோவிலின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அது 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் பராந்தக வீரநாராயணன் காலத்தில் ஏற்பட்டது. அங்கேயே உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தோம்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தரோடு வாதில் தோற்ற 8,000 சமணர்கள் மதுரையில் கழுவேற்றப்பட்டதாகப் பெரியபுராணம் சொல்லுகிறது. அதைக் கோவில் சுவரில் சித்திரமாகவும் எழுதி வைத்தார்கள். அப்படி வேரோடு ஒழிந்துபோயிருந்தால், 200 வருஷத்துக்குப் பிறகு அதே மதுரைக்குப் பக்கத்தில், அதே பாண்டிய வம்சத்து அரசன் காலத்தில், சமணப் பள்ளி எப்படி எழுந்தது? ஆகவே புராணக்காரர் சொன்ன எண்ணிக்கையை அப்படியே நம்புவதற்கு இடமில்லை. நடந்தது மெய்யென்றால், மனிதனைக் கழுவில் குத்தியதைப் பக்தி என்று கொண்டாடுவது வெட்கம். நடக்கவில்லையென்றால், செய்யாத கொலையைச் செய்ததாகச் சொல்லிக்கொண்டு பெருமைப்படுவது அதைவிட வெட்கம். இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் பெருமைக்கு வழியில்லை.

அப்படியானால் சமணர்களைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொள்ளலாமா? அங்கேயும் எங்கள் வீட்டு அம்மாள் ஒருவர் மறித்துவிட்டார். பேச்சிப்பள்ளத்து உருவங்களில் ஒன்றை, அச்சணந்தி என்ற முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. ஆனால் உடை துறந்த திகம்பர சமணர்களின் கொள்கையோ, பெண் பெண்ணாயிருக்கும் பிறவியில் முக்தி அடைய முடியாது என்பது. "கல்லுக்குப் பொருள் கொடுக்கத் தாய் வேண்டும், மோட்சத்துக்கு மட்டும் அவள் ஆகாதோ?" என்று அந்த அம்மாள் கேட்டார். மோட்சம் என்பதே நமக்குத் தேவையில்லாத சரக்கு என்பது வேறு விஷயம். ஆனால் கேள்வி நியாயமானது. வைதீகத்தை எதிர்த்தவன் என்பதற்காக ஒருவன் சொன்னதையெல்லாம் நாம் ஏற்க வேண்டியதில்லை.

உண்மையான புத்தர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நாகப்பட்டினத்தில் ராஜராஜ சோழன் காலத்தில் கடல்கடந்த ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரம் இருந்தது. அந்தப் பக்கத்தில் கடைசியாக நின்ற பழைய கோபுரத்தையும் 1867-இல் இடித்துவிட்டார்கள். சேலத்துக் கதை இன்னும் நமக்குப் பாடம். அங்கே பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று ஜனங்கள் பூசை செய்துவந்த ஒரு சிலை. புத்தர் சிலை என்று சிலர் 2011-இல் ஐக்கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட்டார், "நீ சொல்வதும் வேண்டாம், அவன் சொல்வதும் வேண்டாம், தொல்லியல் துறையினர் போய்ப் பார்த்துச் சொல்லட்டும்" என்ற வழியில் போனார்கள். தாமரைப் பீடம், தியானத்தில் வைத்த கை, சுருள் முடி, நீண்ட காது, துண்டாகிப் பிறகு ஒட்டவைத்த தலை எல்லாவற்றையும் பார்த்து அது புத்தர்தான் என்று அறிக்கை வந்தது. 2022 ஜூலையில், சிலையைத் தொல்லியல் துறை வசம் ஒப்படைக்க வேண்டும், புத்தர் சிலை என்று பலகை வைக்க வேண்டும், பூசை கூடாது என்று தீர்ப்பாயிற்று. அந்தச் சிலைக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தது பக்தியல்ல, பரிசோதனை. நாங்களோ சமணர் மலையில் பரிசோதனை இல்லாமலே ஒருவர் பெயரை எடுத்து இன்னொருவருக்குச் சூட்டினோம்.

இன்னொரு சங்கதி. சாப்பாடு முடிந்ததும் எங்களில் ஒரு பையன் கரிக்கட்டியை எடுத்துத் தன் பெயரை எழுதப் பாறைக்குப் போனான். அவன் கையைப் பிடித்தோம். "அவர்கள் மட்டும் பெயர் எழுதியிருக்கிறார்களே?" என்றான். "அவர்கள் எழுதியது ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள் என்று நமக்குச் சொல்லுகிறது. நீ அதன்மேல் எழுதினால் அதுவும் அழியும், உன் கரியும் மழையில் போகும்" என்றோம். பையன் கரியைப் போட்டுவிட்டான்.

ஆகவே தோழர்களே, நாங்கள் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். கும்பிடுவதற்கல்ல, பார்ப்பதற்காகக் குடும்பத்தோடு ஒருநாள் அந்த மலைக்குப் போங்கள். சூடம் கொளுத்தாதீர்கள், சுண்ணாம்பு பூசாதீர்கள், பெயர் கிறுக்காதீர்கள். இது யார், எப்போது செய்தது, எதைக்கொண்டு சொல்லுகிறோம் என்ற மூன்று கேள்விகளையும் கையோடு கொண்டு போங்கள். அந்தக் கேள்விகளைப் பிறரிடம் கேட்குமுன் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கிழவியை அடுத்த முறை கண்டால், சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, மகாவீரர் யாரென்று சொல்லப்போகிறோம். உடன் அந்தப் பெண்ணையும் அழைத்துப் போவோம். நாங்கள் பிசகினால் திருத்துவதற்கு ஆள் வேண்டுமல்லவா?