முகத்தில் மருவா, கட்டியா? கவனியுங்கள்



வயதாகும்போது முகத்தில் சிறு மருக்களும், ஒட்டவைத்தது போன்ற பழுப்பு நிறத் தடிப்புகளும் வருவது வழக்கம். பெரும்பாலானவை தீங்கற்றவை, சிகிச்சை தேவையில்லை. தொந்தரவாக இருந்தால், மருத்துவர் அவற்றை உறையவைத்தோ சுட்டோ அகற்றுவார். நீங்களே நூலால் கட்டவோ சுண்ணாம்பு தடவவோ வேண்டாம். தோல் புண்ணாகிக் கிருமி தொற்றலாம்.

ஆனால், ஒரு கட்டி தொடர்ந்து வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, இரத்தம் கசிந்தாலோ, நான்கு வாரமாகியும் புண் ஆறாவிட்டாலோ காத்திருக்காதீர்கள். அது தோல் புற்றுநோயாக இருக்கலாம். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. ஆகவே, "வலியில்லையே" என்று விட்டுவிடாதீர்கள். பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ காட்டுங்கள். சீக்கிரம் கண்டறிந்தால், பெரும்பாலும் சிறிய அறுவை சிகிச்சையிலேயே குணமாகும்.

நாளை காலை முகம் கழுவியதும், மூக்கு, கண்ணோரம், காதோரம் ஆகிய இடங்களைக் கண்ணாடியில் ஒருமுறை பாருங்கள். கண் சரியாகத் தெரியாவிட்டால், வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.