ரத்தக் கொதிப்பு கையில் பிடித்தால் தெரியாது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சாலைக் கடைத்தெருவிலிருந்தும் கரமனையிலிருந்தும் திரண்டு வந்திருக்கிற திருவனந்தபுரத்துத் தமிழ்ச் சொந்தங்களே!

"நாட்பட்ட நோய்க்குப் பச்சிலை போதும், பெரியவர் அனுபவம் போதும், ஆய்வுக்கூடம் எதற்கு?" என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர் அண்ணன். அரங்கம் அதிரக் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். "பச்சிலைக்குப் பக்கவிளைவே கிடையாது" என்றாரே, அங்கேதான் என் கை நின்றுவிட்டது.

இந்த ஊரில் இரும்பன்புளி மரம் இல்லாத தெரு உண்டா? சிலர் பிலிம்பி என்பீர்கள். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகத் தொங்கும். மீன்குழம்புக்கு நாலு காய், ஊறுகாய்க்கு ஒரு கூடை, மிச்சம் பக்கத்து வீட்டுக்கு. அது வரைக்கும் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்டார்: இந்தக் காயைப் பிழிந்து சாறு குடித்தால் கொலஸ்ட்ரால் கரையுமாம்! காசில்லாமல் கிடைக்கிறது, கொல்லையில் காய்க்கிறது, இயற்கையானது. குடித்தார்கள்.

என்ன ஆயிற்று? 2013இல் இந்தியச் சிறுநீரக மருத்துவ இதழில் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கேரளத்தில் ஐந்து மருத்துவமனைகள். இந்தச் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்து வந்தவர்கள் 10 பேர். அதில் 7 பேருக்கு டயாலிசிஸ். அந்தக் காயில் ஆக்சலேட் மிக அதிகம். குழம்பில் நாலு காய் போட்டால் உடம்பு தள்ளிவிடும். சாறாகப் பிழிந்து குடித்தால், ஆக்சலேட் படிகங்கள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். இதயத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் போனவர்கள் சிறுநீரகத்தைப் பறிகொடுத்துப் படுத்தார்கள், ஐயா! பக்கவிளைவே கிடையாது என்று அந்தப் பத்துப் பேர் வீட்டு வாசலில் நின்று சொல்ல முடியுமா அண்ணே?

இதில் பெரியவர் அனுபவம் எங்கே இருக்கிறது? என் பாட்டி கொலஸ்ட்ரால் என்ற சொல்லையே கேட்டதில்லை. அது ரத்தத்தை எடுத்து, பரிசோதித்து, காகிதத்தில் அச்சடித்துக் கொடுக்கிற கணக்கு. ஆய்வுக்கூடம் கண்டுபிடித்துச் சொன்ன நோய்க்கு, ஆய்வுக்கூடமே வேண்டாம் என்கிற மருந்தா?

கல்லாறு காட்டில் இருக்கும் லட்சுமிக்குட்டியம்மாவை எதிரணி உதாரணம் காட்டியது. 2018இல் பத்மஸ்ரீ பெற்ற அந்தத் தாயை நானும் கும்பிடுகிறேன். விஷக்கடிக்கு மருந்து சொல்கிறவர் அவர். விஷம் இறங்கியதா இல்லையா என்று அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்துவிடும். அங்கே அனுபவம் கற்றுக்கொள்ள வழி இருக்கிறது. ரத்தக் கொதிப்பு அப்படியா? பத்து வருஷம் ஒரு வலியும் காட்டாமல் உள்ளே இருந்து, ஒருநாள் காலையில் கையையும் காலையும் வாங்கிக்கொண்டு போகும். அளந்து பார்க்காமல் அதற்குக் கொடுத்த மருந்து கேட்டதா கேட்கவில்லையா என்று எந்த வைத்தியருக்குத் தெரியும்? நான் கேட்பது ஆய்வு, அவமதிப்பு இல்லை. அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் வருகிற கஷாயத்துக்கு வக்காலத்து வாங்காதீர்கள்.

பச்சிலையை ஆய்வு அழித்ததா? சர்ப்பகந்தி வேரைத் தலைமுறை தலைமுறையாகச் சித்தம் கலங்கியவர்களுக்குக் கொடுத்தார்கள். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து, ரத்த அழுத்தத்தை அளந்து, 1949இல் ஆங்கில இதழில் எழுதினார். அதன் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்து பிரிக்கப்பட்டது. அதிக அளவில் கொடுத்தால் மனச்சோர்வு வருகிறது என்று எழுதி எச்சரித்ததும் ஆய்வாளர்களே.

நித்தியகல்யாணி இலையைச் சர்க்கரைக்கு என்று மென்று தின்கிறவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். ஜமைக்காவிலும் அதே நம்பிக்கை. கனடாவில் 1950களில் சோதித்தார்கள். எதிர்பார்த்தபடி சர்க்கரை இறங்கவில்லை. ரத்தத்தின் வெள்ளையணுக்கள் இறங்கின! அந்த வழியில் போனபோதுதான் வின்பிளாஸ்டின் கிடைத்தது, பின்னாலேயே வின்கிரிஸ்டினும் வந்தது. இன்று ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளைக் காப்பாற்றும் மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின். வேலியோரப் பூவுக்கு இவ்வளவு பெருமை வாங்கிக் கொடுத்தது யார்? அதே இலையைச் சர்க்கரைக்காரர் அளவு தெரியாமல் தின்றால் அவருடைய வெள்ளையணுவுக்கு யார் பொறுப்பு?

கடைசியாக ஆரோக்கியபச்சை. எதிரணியின் பெரிய அஸ்திரம், நம் மாவட்டத்துச் செடி. 1987இல் தாவரவியலாளர் புஷ்பாங்கதனின் குழு அகத்தியமலை ஏறியபோது விஞ்ஞானிகள் களைத்து விழுந்தார்கள்; வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் ஒரு சின்னக் கனியைத் தின்றுவிட்டுச் சளைக்காமல் நடந்தார்கள். அறிவு காணிகளுடையது, சந்தேகமே இல்லை. ஆனால் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்தில் அதைச் சோதித்து, இலையிலும் சத்து உண்டென்று கண்டு, ஜீவனி என்ற மருந்தாக்கினார்கள். 1995இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீத உரிமைத்தொகைக்கும் உரிமம் கொடுத்தார்கள். அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. 1997இல் காணி மக்களின் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை பதிவானது. சோதித்ததால் ஒப்பந்தம் வந்தது, ஒப்பந்தம் வந்ததால் பங்கு வந்தது.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, முடித்துவிடுகிறேன். அடுத்துப் பேச வருகிற எதிரணி அக்காவிடம் ஒரே கேள்வி. "காட்டுவாசி கண்ட ரகசிய மூலிகை" என்று டப்பாவில் அச்சடித்து, எவ்வளவு சாப்பிட வேண்டும், யார் சாப்பிடக் கூடாது என்று ஒரு வரியும் எழுதாமல் விற்கிறார்களே, அவர்கள் இதுவரை எந்தக் காணிக்கு என்ன பங்கு கொடுத்தார்கள்? பெயரோடு சொல்லட்டும்.